நான்கெல்லைக்கு உட்பட்ட வீடு

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைக் கடந்து திருத்தணியை எட்டுமுன் வரும் சிற்றூர் கனகம்மாசத்திரம். வழிப்போக்கர் ஓர் இரவு தங்கிச் செல்வதற்கென எழுந்த சத்திரம் ஒன்று பெண் ஒருத்தியின் பெயரோடு சேர்ந்து ஊராகவே நிலைத்துவிட்டதை அதன் பெயரே சொல்லும். தங்கிச் செல்வோரின் ஊரில் நிலையாகத் தங்க ஒரு வீடு வாங்கலாம் என்று நாம் புறப்பட்டபோது, ஒரு வட்டாரத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க நேரும் என்று எண்ணவில்லை.

பார்த்த வீடு தரைத்தளம் மட்டுமே கொண்டது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே சிறு முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் எனப்படும் பழைய தளம். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து இட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மரப்பலகையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. இத்தகைய தளத்தின் மேல் மாடி எழுப்ப எவரும் துணியார். வெயில் வாட்டும் இந்த வறண்ட நிலத்தில் அத்தளம் தரும் குளிர்ச்சியே போதும் என்று நமக்குத் தோன்றியது.

வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருந்தது. தாய்ப் பத்திரத்தைக் கேட்டோம். 1970களில் எழுதப்பட்ட தமிழ்க் கிரயப் பத்திரம் ஒன்று வந்தது. அதற்கும் முந்தையதைக் கேட்டபோது, பழுப்பேறிய முத்திரைத்தாள்களில் முழுக்கத் தெலுங்கில் ஒன்று வந்து சேர்ந்தது. தமிழ்ப் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருந்தது. தெலுங்குப் பத்திரத்தில் ஆந்திர மாநிலம், சித்தூர் மாவட்டம். நாம் எழுதவிருப்பதிலோ திருவள்ளூர் மாவட்டம். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை.

நகர்ந்தவை எல்லைகளே. கார்வேட்டி நகர் ஜமீனின் ஆளுகை பரவியிருந்த இவ்வட்டாரம், ஆங்கிலேயர் காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சென்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. இப்பகுதியில் ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளை நிறுவிய மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத்தை நடத்திய ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டத்தின் முகங்களாயினர். படாஸ்கர் தந்த பரிந்துரையின் பேரில் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைந்தது. திருவள்ளூர் மாவட்டம் உருவானது 1997இல். மாநிலம் மாறிய நாளில் வீடுகளிலிருந்தோர் மாறிவிடவில்லை. தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அதே தெருக்களில் அப்படியே இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

தெலுங்குப் பத்திரத்தைத் திருத்தணியில் ஓய்வுபெற்ற தெலுங்காசிரியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னார். நான்கெல்லைகளைச் சொல்லும் பகுதிக்கு வந்ததும் நிறுத்தினார். கிழக்குப் பக்கச் சுவரைப் பற்றி 'உம்மடி கோட' என்று எழுதியிருந்தது. இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர் என்பது அதன் பொருள். பின்னால் வந்த தமிழ்ப் பத்திரத்திலோ அச்சொல் இல்லை. கிழக்குச் சுவர் முழுவதும் விற்பவருக்கே உரியதுபோல் அமைந்திருந்தது. எழுதியவர் வேண்டுமென்று விட்டாரா, மொழி புரியாமல் விட்டாரா, இனி யார் சொல்லக்கூடும்? அச்சுவரை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கும் எண்ணம் நமக்கு இருந்தது.

அன்று மாலையே பக்கத்து வீட்டு மூதாட்டியைக் கண்டோம். தம் வீட்டாரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர், நம்மிடம் தமிழுக்கு மாறினார். "இது ரெண்டு வீட்டுச் சுவருப்பா. எங்க மாமனார் பாதி, அவங்க பாதி போட்டுக் கட்டினது" என்றவர், உள்ளே அழைத்துக் காட்டினார். அவர் வீட்டுத் தளத்தின் தேக்குச் சட்டங்களும் அதே சுவரில்தான் தலைவைத்திருந்தன. நாம் இடித்திருந்தால் அவர் தலைமேல் தளம் இறங்கியிருக்கும்.

இவ்வட்டாரத்தில் ஆவணம் எழுதும் மரபு மிகப் பழையது. அருகிலுள்ள திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்ததைப் பதிவு செய்தவை. வளையத்தில் கோத்து அரச முத்திரையிட்ட 31 ஏடுகள். ஒரு பகுதி வடமொழியிலும் மறுபகுதி தமிழிலும் அமைந்தவை. அன்றே இங்கு ஆவணத்துக்கு இரு மொழிகள் இருந்தன. அரசரின் பெருமை வடமொழிப் பாடல்களில் விரிய, ஊரார் அறிய வேண்டிய எல்லை விவரங்கள் தமிழில் எழுதப்பட்டன. சோழர் காலத்தில் பெண்யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுப்பது வழக்கம். சுற்றிலும் இருந்தோர் கண்ணால் கண்டு ஒப்பியதே எல்லை. ஏட்டில் ஏறியது அதன் பதிவு. இன்றைய கிரயப் பத்திரத்தின் 'இதற்குட்பட்ட' என்னும் சொத்து விவரமும் அதே நடையின் எச்சம் எனலாம்.

அதே பழையனூருக்கு வேறொரு புகழும் உண்டு. நீலியிடம் ஒப்படைத்த வணிகனின் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொன்ன 70 வேளாளர், அவன் மாண்டதும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தனர் என்பது அவ்வூர்க் கதை. அவர்களிடம் பத்திரம் ஏதும் எழுதி வாங்கப்படவில்லை.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆனால் எழுதாமல் விட்ட சொல்லைப் பதிவேடு தானாக மீட்டுத் தராது. அதற்குப் பழைய தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரும், பக்கத்து வீட்டில் உண்மை சொல்லும் ஒருவரும் வேண்டும். சமையலறைத் திட்டத்தைக் கைவிட்டோம். விற்பவரும் மனமுவந்து ஒப்பினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நம் கிரயப் பத்திரத்தில், கிழக்குச் சுவர் பொதுச்சுவர் என்று இப்போது தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. சாட்சிக் கையொப்பமிட்ட இருவருள் ஒருவர் அம்மூதாட்டியின் மகன். அவர் கையெழுத்து தெலுங்கில் இருக்கிறது.