21க்கும் 23க்கும் நடுவே

விண்டோஸ் கணினியிலிருந்து எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வருக்குள் நுழைய, பலரும் இன்றும் திறப்பது ‘பட்டி’ என்ற சின்ன மென்பொருளைத்தான். சர்வர் முகவரிக்கு ஒரு கட்டம், பக்கத்தில் போர்ட்டுக்கு ஒரு கட்டம். அதில் 22 என்ற எண் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அது அங்கே வந்து சேர்ந்த கதை தெரிந்தால், அடுத்து வரும் எச்சரிக்கைப் பெட்டியை யாரும் படிக்காமல் மூடமாட்டார்கள்.

1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ புகுந்து, அவ்வழியே போன பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேர்த்துவிட்டார்கள். அன்று புழக்கத்தில் இருந்த டெல்நெட், தட்டச்சு செய்த பாஸ்வேர்டை அப்படியே, எந்த மறைப்பும் இல்லாமல் அனுப்பும். அங்கே இருந்த டாட்டு இலோனென் இதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். டெல்நெட்டின் போர்ட் 23, கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் போர்ட் 21. இரண்டின் வேலையையும் ஏற்க வந்ததற்கு நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு, எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு அந்த ஜூலையில் அவர் மின்னஞ்சல் போட்டார். மறுநாளே சம்மதம் வந்தது. 1999இல் ஓபன்பிஎஸ்டி குழு ‘ஓபன்எஸ்எஸ்ஹெச்’ என்ற திறந்த மூலப் பதிப்பை வெளியிட, சர்வர்கள் பக்கம் 22 நிலைத்துவிட்டது.

விண்டோஸ் பக்கம் அதைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் சைமன் டேட்ஹாம். அவருடைய பட்டி முதலில் வெறும் டெல்நெட் மென்பொருள். 1998இல் எஸ்எஸ்ஹெச் சேர்ந்தது. இன்றும் அந்தச் சாளரத்தில் டெல்நெட்டைத் தேர்ந்தால் 23, எஸ்எஸ்ஹெச்சைத் தேர்ந்தால் 22 என்று எண் தானே மாறும். திரையின் 80 எழுத்து அகலமும் 24 வரியும் இன்னும் பழையவை. 1978இல் டிஇசி நிறுவனம் விற்ற விடி100 டெர்மினலின் அளவு அது.

முதல்முறை ஒரு சர்வரோடு இணையும்போது, அதன் அடையாளச் சாவியின் கைரேகையை, அதாவது சாவியின் சுருக்கக் குறியைக் காட்டி ‘இதை நம்பலாமா?’ என்று பட்டி கேட்கும். நெட்வொர்க்கின் நடுவில் ஒருவன் சர்வர் வேடமிட்டு நிற்கிறானா என்று கண்டுபிடிக்கும் இடம் இதுதான். பாஸ்வேர்டை எவ்வளவு நன்றாக மறைத்து அனுப்பினாலும், திருடனிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன பயன்? சர்வரைப் பராமரிப்பவரிடம் கைரேகையை முன்பே கேட்டு வாங்கி ஒப்பிட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். சம்மதித்த சாவியை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பட்டி எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் சாவி மாறினால், பாதுகாப்பு மீறலாக இருக்கலாம் என்று உரக்க எச்சரிக்கும். சர்வரைப் புதிதாக நிறுவினாலும் இது வரும். அதனாலேயே பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஏற்கிறேன்’ தட்டும் வழக்கம் வளர்ந்துவிட்டது. 1995இன் திருட்டிலிருந்து காக்க வந்த ஏற்பாட்டை நாமே செல்லாததாக்கும் வழக்கம் இது.

சும்மா விட்ட இணைப்பு பத்து நிமிடத்தில் அறுந்துபோகிறது என்ற பொதுவான புகாருக்கு, ‘கனெக்‌ஷன்’ பக்கத்தில் கீப்அலைவ் நொடிகளை 0இலிருந்து 60 ஆக்கினால் பெரும்பாலும் போதும்.

2024 ஏப்ரலில் வந்த செய்தி அப்படி எளிதில் முடிவதல்ல. ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பட்டியின் 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, பயனர் தன் தனிச் சாவியால் கையொப்பமிட்டும் சர்வருக்குள் நுழையலாம். அப்படி இசிடிஎஸ்ஏ பி-521 வகைச் சாவியால் ஒவ்வொரு முறை கையொப்பமிடும்போதும் 521 பிட் ரகசிய எண் ஒன்று வேண்டும். பட்டி அதை 512 பிட் மட்டுமே தரும் கணக்கிலிருந்து எடுத்தது. மீதி 9 பிட் எப்போதும் பூஜ்யம். சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தால் அந்த 9 பூஜ்யங்களை வைத்தே தனிச் சாவி முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். பட்டியின் நிரலை உள்ளே வைத்திருந்த ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி போன்றவையும் சிக்கின. 0.81 பதிப்பில் பிழை திருத்தப்பட்டது.

ஆனால் பதிப்பை மாற்றினால் மட்டும் பழைய கையொப்பங்கள் மறைந்துவிடாது. அந்தப் பதிப்புகளில் பி-521 சாவியைப் பயன்படுத்தியிருந்தால், நீங்கள் நுழையும் ஒவ்வொரு சர்வரின் அனுமதிப் பட்டியலிலிருந்தும் அதன் பொதுச் சாவியை இன்றே நீக்குங்கள். பட்டியோடு வரும் சாவி உருவாக்கும் மென்பொருளான பட்டிஜென்னில் எட்25519 வகையில் புதிய சாவி உருவாக்கிக்கொள்ளுங்கள்.