கியூபாவின் நகர்ப்புறத் தோட்டப் பண்ணைகள்

கியூபத் தீவின் நகரங்களிலும் புறநகர்களிலும் வேதி உரமும் வேதிப் பூச்சிக்கொல்லியும் இடாமல் கீரை, காய்கறி, மூலிகை முதலியவற்றை விளைவித்து, விளைந்த இடத்திலேயே அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் சிறு பண்ணைகள் ஆர்கனோபோனிக்கோ எனப்படுகின்றன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததை அடுத்து எழுந்த உணவு நெருக்கடியே இவற்றைப் பிறப்பித்தது என்று பொதுவாக எழுதப்படினும், இவற்றின் வேர்கள் அந்நெருக்கடிக்கு மிக முற்பட்டவை.

ஸ்பானியர் வருகைக்கு முன் தீவில் வாழ்ந்த தாயினோ மக்கள், மண்ணைக் குவித்து மேடாக்கி அவற்றில் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டனர். மேட்டில் நீர் தேங்காது, இளகிய மண்ணில் கிழங்கும் தடையின்றிப் பருக்கும். இத்தகைய நிலம் கொனூக்கோ என வழங்கியது. நோயாலும் கட்டாய உழைப்பாலும் தாயினோ சமூகம் சிதைந்த பின்னரும் அப்பெயர் மறையாமல், கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆப்பிரிக்க அடிமைகளுக்கு ஒதுக்கிய துண்டு நிலத்தைக் குறிக்கலாயிற்று. முதலாளிக்கு அது உணவுச் செலவைக் குறைக்கும் ஏற்பாடாக இருக்க, அடிமைக்கோ சோளம் விளைவித்தும் பன்றி வளர்த்தும் விற்றுத் தன் விடுதலைக்கான பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்க உதவிய ஒரே நிலமாகப் பல வேளைகளில் அமைந்தது.

மூன்றாவது மரபு சீனருடையது. தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறிய அதே நூற்றாண்டில், 1847 முதல் 1874 வரை, ஏறத்தாழ 1,25,000 சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்தின்பேரில் கியூபக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தம் முடிந்தவர்களுள் பலர் ஹவானா முதலிய நகரங்களின் ஓரங்களில் காய்கறி பயிரிட்டு, தோளில் தாங்கிய தண்டின் இருமுனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். நகரின் விளிம்பில் விளைந்ததை அன்றன்றே நகருக்குள் விற்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்ததில் இவர்களின் பங்கு, பிற்கால நூல்களில் உரிய இடம் பெறவில்லை. சீனக் குடியேறிகளின் மகனும் புரட்சிப் படைத் தளபதியுமான மோயிசேஸ் சியோ வோங், பின்னர் இப்பண்ணைகளை முன்னின்று பரப்பியவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இரு நிலச் சீர்திருத்தங்களால் பெரும்பாலான நிலம் அரசுடைமை ஆயிற்று. சோவியத் எண்ணெய், டிராக்டர், உரம் ஆகியவற்றை நம்பிய பெரும்பண்ணைகளில் கரும்பு கோலோச்ச, நகரத்தில் காய்கறி பயிரிடுவது பழம்போக்காகக் கருதப்பட்டது. 1989க்கும் 1993க்கும் இடையில் இறக்குமதி ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சரிந்தபோது அந்த ஏற்பாடு குலைந்தது. கிராமத்தில் விளைந்ததை ஹவானாவுக்குக் கொண்டுவர லாரிக்கு எரிபொருள் இல்லை. வந்ததைக் கெடாமல் வைக்க மின்சாரமும் இல்லை. குடியிருப்புகளுக்கிடையே கிடந்த தரிசுகளையும் குப்பைமேடுகளையும் மக்கள் கொத்தத் தொடங்கினர். படைத்துறைப் பண்ணை ஒன்றில் பெண் பொறியாளர் ஒருவர் நடத்திவந்த சோதனையை 1987இன் இறுதியில் அன்றைய படைத்துறை அமைச்சர் ரவுல் காஸ்ட்ரோ பார்வையிட்டு அதனைப் பரப்பச் சொன்னதும், சியோ வோங் தலைமை தாங்கிய அரசு இருப்பு நிறுவனத்தின் அருகே, ஹவானாவின் மிராமார் பகுதியில், 1991இல் ஒரு பண்ணை அமைக்கப்பட்டதும் முறையான தொடக்கமாகச் சொல்லப்படுகின்றன. எனினும் மக்கள் தாமே தொடங்கியதை அரசு பின்னர் ஒழுங்குபடுத்தியது என்பதே பொருத்தமான கூற்றாகும்.

இப்பண்ணைகள் அமைப்பு நோக்கிப் பல வகைப்படும். கல், செங்கல், ஓடு, பலகை எனக் கிடைத்ததைக் கொண்டு பக்கச்சுவர் எழுப்பி, மண்ணையும் மட்கிய எருவையும் கலந்து நிரப்பிய மேட்டுப்பாத்திகளை உடையதே குறுகிய பொருளில் ஆர்கனோபோனிக்கோ. கட்டடம் இடிந்த இடம் போன்ற, மண் பயன்படாத இடங்களுக்கு இது ஏற்றது. வேதிக் கரைசலில் பயிர் வளர்த்துவந்த பழைய சிமெண்டுத் தொட்டிகள், இறக்குமதி உப்புகள் நின்றபின், இவ்வாறு எரு நிரப்பப்பட்டு மறுவாழ்வு பெற்றதும் உண்டு. நல்ல மண் உள்ள இடத்தில் சுவரின்றி நேரடியாகப் பாத்தி பிடிப்பது தீவிரத் தோட்டம் எனப்படும். தொழிலகங்களும் பள்ளிகளும் தம் உணவுக்கூடத்திற்காக நடத்துவன தன்னுகர்வுத் தோட்டங்கள். வீட்டுக் கொல்லைகளும் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட துண்டு நிலங்களும் தனி வகையாக எண்ணப்படும். நகரை அடுத்த பெரிய நிலங்கள் 2009 முதல் புறநகர் வேளாண்மைத் திட்டத்தின்கீழ் வந்தன.

எருவுக்கு மாட்டுச்சாணம், மண்புழு உரம், சர்க்கரை ஆலைக் கழிவான பிரஸ்மட் ஆகியவை பயன்படுகின்றன. ஓராண்டில் சதுர மீட்டருக்கு 20 கிலோ காய்கறி என்பது வகுக்கப்பட்ட இலக்கு. பூச்சிகளை விரட்டப் பாத்தி ஓரங்களில் சாமந்தி வகைகளும், நன்மை செய்யும் பூச்சிகள் தங்கச் சோளமும் நடப்படுகின்றன. தீமை செய்யும் பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிராமா குளவிகளும், புழுக்களுக்கு நோயூட்டும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இதற்கென அமைந்த நிலையங்களில் பெருக்கப்படுகின்றன. தமிழ் உழவருக்குப் பழக்கமான வேம்பும் அங்குக் கொண்டுசெல்லப்பட்டு வளர்க்கப்பட்டுப் பூச்சிவிரட்டியாகியுள்ளது.

இவ்வகையில் உலகறிந்தது, ஹவானாவின் கிழக்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்த அலமார் பகுதியில் 1997இல் ஐவரால் தொடங்கப்பட்டுப் பத்து ஹெக்டேருக்கு மேல் விரிந்த விவேரோ அலமார் கூட்டுறவுப் பண்ணையாகும். நூற்றுக்கு மேற்பட்டோர் உழைத்து இலாபத்தைப் பகிர்ந்துகொண்ட இப்பண்ணையின் விளைச்சல் வாயிலில் இருந்த கடையிலேயே விற்கப்பட்டது. ஆயினும் இப்பண்ணைகளால் காய்கறித் தட்டுப்பாடு தணிந்ததே தவிர, தீவில் விளையாத கோதுமைக்கும் போதிய அளவு விளையாத அரிசிக்கும் இறக்குமதியை நம்பும் நிலை மாறவில்லை. 2008ஆம் ஆண்டு ஆணைச் சட்டத்தால் தரிசு நிலங்கள் தனியார் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்டன; 2022இல் உணவு இறையாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது; அண்மை ஆண்டுகளின் எரிபொருள், மின்சாரத் தட்டுப்பாடு பண்ணைகளின் நீர்ப்பாசனத்தையும் பாதித்துள்ளது.