பெரும் புதைபொருள்களை உலோக உணரியால் கண்டறிதல்

உலோக உணரி என்பது மண்ணுக்குள் மறைந்துள்ள உலோகத்தைத் தோண்டாமலேயே காட்டித்தரும் மின்னணுக் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது மெட்டல் டிடெக்டர் எனப்படுகிறது. நாணயம், மோதிரம் போன்ற சிறு பொருள்களைத் தேடப் பயன்படும் கருவி, ஆழத்தில் கிடக்கும் பெட்டி, பானை, சிலை போன்றவற்றைத் தேடுவதற்குப் பெரும்பாலும் பொருந்தாது.

ஆழத்தின் எல்லை

கருவியின் கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டங்கள் உருவாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. சுருளைவிட்டு விலகிச் செல்கையில் புலத்தின் வலிமை தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. திரும்பி வரும் புலமும் அவ்வாறே குறைவதால், சிறு பொருளின் சமிக்ஞை தொலைவின் ஆறாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. அதாவது ஆழம் இருமடங்கானால் சமிக்ஞை 64-இல் ஒரு பங்காகிவிடும். பல மீட்டர் ஆழத்திலுள்ள ஒற்றை நாணயத்தைக் காட்டும் என்று கூறும் விளம்பரங்களை இக்கணக்கைக் கொண்டே ஒதுக்கிவிடலாம்.

சுருளைப் பெரிதாக்கினால் புலம் ஆழமாக இறங்கும். ஆனால் சிறு பொருள்கள் புலப்படா. பெரும் பொருளைத் தேடுபவருக்கு இக்குறை நன்மையே. ஆணிகளும் தகரத் துண்டுகளும் அவரைத் தொல்லைப்படுத்தா. இருபெட்டி உணரியில் செலுத்தும் சுருளும் ஏற்கும் சுருளும் ஏறத்தாழ 1 மீட்டர் நீளத் தண்டின் இரு முனைகளில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கும். இதனால் முதற்சுருளின் புலம் இரண்டாவதை நேரடியாகத் தாக்குவதில்லை. கெரார்டு பிஷர் 1937-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருவி இவ்வகையினது.

தேடும் முறை

நிலத்தில் கயிறு கட்டி இணையான பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, கருவியை ஒரே உயரத்தில் பிடித்து மெதுவாக நடக்க வேண்டும். ஒலி கேட்டதும் சுருளைச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். மேல்மண்ணிலுள்ள சிறு துண்டின் ஒலி உடனே மறைந்துவிடும். பெரும் பொருளின் ஒலி அகன்று பரவி, உயர்த்திய பின்னும் நீடிக்கும். குறுக்குத் திசையிலும் நடந்து ஒலியின் விளிம்புகளைக் குச்சி நட்டுக் குறித்தால் பொருளின் பரப்பைத் தோராயமாக அறியலாம். துருப்பிடித்த கூரைத் தகடும் இதே போல ஒலிக்கும் என்பதுதான் இத்துறையின் நிரந்தரத் தலைவலி.

ஜெர்சி புதையல்

பிரான்சுக் கரையருகே உள்ள ஜெர்சி தீவில் ரெஜ் மீட், ரிச்சர்டு மைல்சு ஆகிய இருவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் தேடி, 2012-இல் பெரும் நாணயக் குவியல் ஒன்றைக் கண்டனர். ஏறத்தாழ 1 மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. சில நாணயங்கள் வெளிப்பட்டதுமே அவர்கள் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளரிடம் தெரிவித்தனர். இதனால் முக்கால் டன் எடையுள்ள அக்குவியலை ஒரே பாளமாகத் தூக்க முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பிரித்தெடுத்தபோது ஏறத்தாழ 70,000 நாணயங்களுடன் பொற்கழுத்தணிகளும் கிடைத்தன. மண்வெட்டியால் அள்ளியிருந்தால் எது எதனோடு புதைக்கப்பட்டது என்ற செய்தி அழிந்திருக்கும்.

இடரும் சட்டமும்

அடியில் இருப்பது பெட்டியா வெடிகுண்டா என்பதை ஒலி சொல்லாது. செருமனியில் இரண்டாம் உலகப் போரின் வான்குண்டுகளைத் தேடக் காந்தமானியும் பயன்படுகிறது. இது இரும்பு புவிக்காந்தப் புலத்தில் உண்டாக்கும் மாற்றத்தை மட்டும் அளப்பதால் ஆழமாக எட்டும். ஆனால் பொன்னும் வெண்கலமும் இதற்குத் தெரியா. 2010 சூன் 1 அன்று கோட்டிங்கன் நகரில் கண்டறியப்பட்ட 500 கிலோகிராம் குண்டு, செயலிழக்கச் செய்யும் ஆயத்தங்களின்போதே வெடித்ததில் வல்லுநர் மூவர் உயிரிழந்தனர்.

இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வீட்டு அடித்தளம் தோண்டுகையில் கிடைக்கும் செப்புத்திருமேனிகளுக்கும் இது பொருந்தும்.