மணியாச்சிக் கொலையும் பத்திரிகைகளும்

புதியம்புத்தூருக்கு மேற்கே, கரிசல் வெளியிலுள்ள மணியாச்சிச் சந்திப்பில், 1911 ஜூன் 17 அன்று ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தானும் மாண்ட செய்தியை அச்சேற்ற நேர்ந்த பத்திராதிபர்கள், 1908-இல் ‘சுதேசமித்திரன்’ ஸ்தாபகர் ஜி. சுப்பிரமணிய ஐயர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானதையும், 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகையைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளித்திருந்ததையும் மனத்திற்கொண்டே எழுத வேண்டியவராயிருந்தனர். கொலையைக் கண்டிப்பது நியாயமே. போனது மனித உயிர். ஆயினும் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி நசிந்ததையும், 1908 மார்ச்சில் திருநெல்வேலியில் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தையும் அச்செய்தியோடு சேர்த்து விசாரிக்க எவருக்குச் சுதந்திரம் இருந்தது? புதுச்சேரியிலிருந்து அதனைத் துணிந்து செய்திருக்கக்கூடிய பாரதியின் ‘இந்தியா’ முந்திய ஆண்டே நின்றுபோயிருந்தது. பின்னர் நடந்த சதி வழக்கில் முதல் எதிரியாக நிறுத்தப்பட்டவரும் ஒரு பத்திரிகாசிரியரே: ‘சூரியோதயம்’ நடத்திய நீலகண்ட பிரம்மசாரி.