முதுகண்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் என் பழைய மாணவியோடு ஒருநாள் போனேன். என்னிடம் முதுகலைத் தமிழ் படித்தவள். வங்கித் தேர்வு எழுதி, இன்று ஒரு வங்கியின் டிஜிட்டல் பிரிவில் மேலாளராக இருக்கிறாள். ஜவ்வாது மலை ஊர்களில் முகாம் நடத்தி, கணக்கு வைத்திருப்பவர்களின் கைபேசியில் வங்கிச் செயலியை ஏற்றிக் கொடுப்பது அவள் வேலையில் ஒரு பகுதி. மாதத்துக்கு இத்தனை பேர் என்று இலக்கு உண்டு. "ஒருநாள் வந்து பாருங்கம்மா" என்று அவள்தான் கூப்பிட்டாள்.

முகாமுக்கு முதலில் வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாமையும் புளியும் விற்பவர். பாஸ்புக், ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். கணக்கு அவர் பெயரில். படமும் அவருடையது. கைபேசி எண்ணைக் கேட்டதும், "அது எம் பையனுதும்மா, திருப்பூர்ல கீறான்" என்றார். ஓடிபி திருப்பூருக்குப் போனது. பையன் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்தவர் தந்தது கேரளத்துக்கு வேலைக்குப் போயிருக்கும் கணவரின் எண். அதற்கடுத்த பெண்ணின் கணக்கில் இருந்ததோ இறந்துபோன கணவரின் எண். ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போவதும், சிலர் திரும்பாமல் போவதும் இந்த மலைக்குப் புதிதல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 தொழிலாளர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். ஆண் திரும்பாத வீட்டிலும் வரவு செலவு நிற்பதில்லை. அதைப் பெண்தான் பார்க்கிறாள்.

அந்த வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது இரண்டு பழைய பெண்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

ஒருத்தி, பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சி. மோர் விற்று வீட்டாருக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்குகிறாள். இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் அவள் ஏன் பொன்னை மறுத்தாள் என்று வகுப்பில் கேட்பேன். "பொன்னு கன்னு போடாதும்மா" என்று ஒரு வருடம் ஒருத்தி சொன்னாள். அவள்தான் இந்த மேலாளர்.

இன்னொருத்தி, சோழர் காலக் கல்வெட்டுகளில் வருபவள். அவள் நிலம் விற்கிறாள், வாங்குகிறாள், கோயிலுக்குக் கொடை தருகிறாள். ஆனால் பிராமணப் பெண்கள் சொத்துப் பரிமாற்றம் செய்யும்போது பல இடங்களில் கூடவே ஓர் ஆணின் பெயரும் வருகிறது. கணவன், மகன், உடன்பிறந்தான் என்று உறவில் யாரோ ஒருவன். அவனுக்குப் பெயர் முதுகண். சொத்து அவளுடையதாக இருந்தாலும் அவன் வழியாகத்தான் அது கைமாற வேண்டும்.

முதுகண் என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. அந்த ஏற்பாடு ஒழிந்ததா என்பதுதான் கேள்வி.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதன்பின் கிளைகள் சிற்றூர்களுக்கு வந்தன. கடன் கேட்டுப் போன பெண்ணிடம் பட்டா கேட்டார்கள். பட்டா பெரும்பாலும் ஆணின் பெயரில் இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. இரண்டும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள். மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2ஆம் பிரிவே சொல்கிறது. ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். போளூரில் ஒரு மகளுக்குக் கிடைக்கும் சட்ட உரிமை, மலை ஏறியதும் இன்னொரு மகளுக்கு இல்லாமல் போகிறது.

ஆண் துணை இல்லாமல் வங்கிக்குள் நுழையும் வழிகளைப் பெண்களேதான் கண்டுபிடித்தார்கள். 1974இல் அகமதாபாத்தில், இலா பட் கட்டிய சேவா சங்கத்தின் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் பாஸ்புக்கில் கணக்கு எண்ணோடு அவர்கள் புகைப்படத்தையும் வைத்தார்கள். படிக்காத பெண்ணுக்காக வங்கி தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, சுய உதவிக் குழுக்கள் உருவாயின. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டா கேட்காமல், ஒருத்திக்கு மற்றவர்கள் பொறுப்பேற்க, குழுவுக்குக் கடன் கிடைத்தது. யாருக்குக் கொடுக்கலாம், தவணை தவறினால் எப்படிப் பேசுவது, நோட்டில் எப்படி எழுதுவது எல்லாவற்றையும் ஊக்குநரும் பிரதிநிதியும் பார்த்தார்கள். வங்கி அதிகாரியின் வேலையில் பாதி அது. அதற்கு வங்கிச் சம்பளம் இல்லை, மேலாளர் என்ற பெயரும் இல்லை.

பிறகு டிஜிட்டல் வந்தது. கிளைக்கு வெளியே முகவர்கள் வழியாகச் சேவை தர ரிசர்வ் வங்கி 2006இல் அனுமதித்தது. 2014இல் ஜன்தன் கணக்குகள், 2016இல் யுபிஐ. 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய், உரிமைத் தொகை என்ற பெயரிலேயே, வருகிறது. பெண்ணின் பெயரில் கணக்கு என்பது இந்த வரலாற்றில் சின்ன விஷயமல்ல.

ஆனால் பணம் வந்த செய்தி முதலில் போவது திருப்பூரில் இருக்கும் மகனுக்கு. முகவரிடம் விரலை வைத்து எடுக்கலாம் என்றால், களை பறித்தும் புளி உடைத்தும் தேய்ந்த ரேகையைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்கிறது குறுஞ்செய்தி. படிக்கத் தெரியாதவர் யாரிடமாவது காட்டினால்தானே அந்த எண் என்னவென்றே தெரியும்? பழைய முதுகண்ணாவது பக்கத்தில் நின்றான். இவன் செல்போன் கோபுரத்துக்கு அப்பால் இருக்கிறான்.

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளின் கதையும் இதில் சேர வேண்டும். எல்ஐசியில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிடாய், கர்ப்பம் பற்றிப் படிவத்தில் கேட்டார்கள். 1991இல் நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னது. முப்பது ஆண்டுகள் கழித்து, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர்கள் பணியில் சேரத் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்' என்று பாரத ஸ்டேட் வங்கி சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு எழுந்ததும், 2022 ஜனவரி இறுதியில் அதை நிறுத்திவைத்தது. வங்கிப் பணியில் பெண்ணின் உடம்புக்கும் ஒரு முதுகண் தேவைப்பட்டிருக்கிறான்.

அன்று என் மாணவி செயலி இலக்கை எட்டவில்லை. கைபேசி எண் மாற்றும் படிவங்களைத்தான் அதிகம் நிரப்பினாள். சொந்தமாகக் கைபேசி வைத்திருந்த பெண்களைக் கூப்பிட்டு, வந்த செய்தியில் ஆறு இலக்கம் எங்கே இருக்கும் என்று காட்டிக்கொடுத்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எண் தெரிந்திருந்தது. பேருந்தும் தராசும் சொல்லிக்கொடுத்த எண்கள். மாலையில் அறிக்கை எழுதும்போது, "எத்தனை எண் மாத்துனேன்னு எழுத இதுல கட்டமே இல்லம்மா" என்றாள்.

போளூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "என் பாஸ்வேர்டு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். சம்பளம் வந்த அன்னைக்கே அவரே எடுத்து மாத்திக்குவாரு. அவரோடது எனக்குத் தெரியாது."

அவளுக்குப் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஏடிஎம் அட்டை ஆறு வருடம் என் கணவரின் சட்டைப்பையில் இருந்தது. பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நானாகத்தான் கொடுத்தேன். அந்த வருடங்களில்தான் ஆய்ச்சியைப் பற்றி எழுதி முனைவர் பட்டமும் வாங்கினேன். இதை முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

அன்றிரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து ஒரே சொல்லில் செய்தி வந்தது: "மாத்திட்டேன்."