பியேர் ஃப்ரே

பியேர் ஃப்ரே பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சு அறை அலங்காரத் துணி நிறுவனம். திரைச்சீலை, சோபா உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்கான துணிகளோடு சுவரில் ஒட்டும் துணி, சுவர்த்தாள், கம்பளம் போன்றவற்றையும் விற்கிறது. 1935-இல் இதைத் தொடங்கியவரின் பெயரே நிறுவனத்துக்கும் வைக்கப்பட்டது. இன்று அவருடைய மகனும் பேரன்களும் இதை நடத்துகின்றனர். தன்னைவிட நூறாண்டு மூத்த துணி நிறுவனங்களை அவற்றின் மாதிரி ஏடுகளோடு சேர்த்து வாங்கியதே இதன் வரலாற்றில் முக்கியமான செய்தி.

தொடக்கம்

இத்துறையில் உள்ள பாரிஸ் நிறுவனங்கள் பலவும் பதிப்பகம்போல இயங்குபவை. ஓவியரிடம் வடிவம் வாங்குவது, எந்த நூலில் எந்த நிறத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்வது, ஆலைகளில் நெய்தோ அச்சிட்டோ தங்கள் பெயரில் வெளியிடுவது ஆகியவை அவற்றின் வேலை. பியேர் ஃப்ரேயும் இந்த வழியில்தான் தொழிலைத் தொடங்கினார். பொதுமக்களைவிட அறை அலங்கார வல்லுநர்களும் சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவர்களுமே அன்று முதல் முக்கிய வாடிக்கையாளர்கள்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை

1970-களில் மகன் பத்ரிக் ஃப்ரே பொறுப்புக்கு வந்தார். நிர்வாகத்தோடு வடிவத் தேர்வையும் அவர் தன் கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தொகுப்பிலும் எது இடம்பெற வேண்டும் என்பதில் அவருடைய ரசனைக்கே முதலிடம். பிரான்சுக்குள் பெயர் பெற்றிருந்த நிறுவனம் அவர் காலத்தில் அமெரிக்கா உள்ளிட்ட வெளிநாடுகளிலும் வேரூன்றியது. அவருடைய மகன்களான இளைய பியேர், வென்சான், மத்தியூ மூவரும் பின்னர் தொழிலில் சேர்ந்தனர்.

பழைய நிறுவனங்கள் வந்து சேர்ந்தது

1991-இல் பிரக்கெனியே நிறுவனத்தை வாங்கியது பெரிய திருப்பம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய பிரக்கெனியே, கம்பளத்துக்கும் சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்கும் பெயர்பெற்றது. பிரான்சின் ஓபுஸ்ஸோனிலும் பெல்ஜியத்தின் மெக்கலனிலும் அதற்குப் பட்டறைகள் இருந்தன. அந்த விற்பனையில் தறிகளைவிட மதிப்பு வாய்ந்தவை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருந்த வண்ண வரைபடங்களும் துணித் துண்டுகளுமே.

2000-க்குப் பின் ஃபதினி போர்கி, புஸ்ஸாக், லெ மனாக் ஆகிய பெயர்களும் இதே குடையின் கீழ் வந்தன. ஃபதினி போர்கி இத்தாலியப் பாணிப் பட்டுத்துணிகளுக்கும், புஸ்ஸாக் இக்கால வடிவங்களுக்கும் அறியப்பட்டவை. லெ மனாக் 1829-இல் தூர் நகரில் தொடங்கப்பட்டது. பதினோராம் லூயி மன்னர் 1470-இல் பட்டு நெசவைக் கொண்டுவந்த ஊர் அது.

புலித்தோல், சிறுத்தைத் தோல் போன்ற கோலத்தில் லெ மனாக் கைத்தறியில் நெய்த பட்டு வெல்வெட் புகழ்பெற்றது. கைத்தறி வெல்வெட்டில் பாவு இரண்டு அடுக்காக இருக்கும். ஓர் அடுக்கின் இழைகளைத் தூக்கி, மேற்புறத்தில் பள்ளம் ஓடிய மெல்லிய உலோகக் கம்பியைச் செருகி, ஊடை போட்டு இறுக்குவார் நெசவாளர். பிறகு கம்பியின் பள்ளத்தோடு கூரிய கத்தியை இழுப்பார். கம்பியின்மேல் வளைந்து நிற்கும் இழைகள் அறுந்து மயிர்போல எழும். கை ஒரே ஒருமுறை பிசகினாலும் துணியே போய்விடும். நாளெல்லாம் உட்கார்ந்து நெய்தாலும் சில சென்டிமீட்டர்தான் தேறும்.

சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி

பிரக்கெனியே பெயரில் இன்று விற்கும் பருத்தித் துணிகளில் பூத்துக் குலுங்கும் பெருமரம் அடிக்கடி வரும். இந்த வடிவத்தின் மூலம் இந்தியாவில் இருக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியச் சந்தைக்காகவே மரமும் மலரும் தீட்டிய படுக்கை விரிப்புகள் செய்யப்பட்டன. கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணியில் படிகாரக் கரைசலால் கோலமிட்டு, சாயவேரில் கொதிக்கவைத்தால் கோலமிட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாது என்பதே ஐரோப்பியரை வியக்கவைத்தது.

உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று பிரான்சு 1686-இல் இந்தச் சீட்டித்துணிகளுக்குத் தடை விதித்தது. இறக்குமதி செய்வது மட்டுமன்றி, உள்நாட்டில் போலியாக அச்சிடுவதும் குற்றமாயிற்று. தடை நீடித்த காலத்திலேயே, 1742-இல், ஏசுசபைப் பாதிரியார் கூர்தூ இக்கரைச் சாயக்காரர்களின் முறையை விரிவாகக் கடிதத்தில் எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். 1759-இல் தடை நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் அச்சாலை தொடங்கினார். பிரெஞ்சு அச்சுத்துணி மரபு அங்கிருந்து வளர்ந்தது. ஃப்ரேயின் மலர்த்துணிகளும் அந்த மரபில் வந்தவையே.

தயாரிப்பு

வட பிரான்சில் நிறுவனத்துக்குச் சொந்த நெசவாலை உண்டு. மற்றவை வெளி ஆலைகளில் நெய்யப்படுகின்றன. ஸ்கிரீன் முறை அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். இருபது நிற மலர்க்கொடிக்கு இருபது சட்டங்கள். ஒரு சட்டம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் இதழின் ஓரம் இரட்டையாகத் தெரியும். விலை ஏறுவதற்குக் கச்சாப் பொருள் மட்டுமன்றி இந்தக் கவனமும் காரணம்.

காப்பகம்

நிறுவனத்தின் காப்பகத்தில் 16-ஆம் நூற்றாண்டு முதலான துணித் துண்டுகள், வரைபடங்கள், மாதிரி ஏடுகள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் உள்ளன. மாளிகைகளைப் புதுப்பிப்போர் பழைய துணியைத் திரும்பச் செய்ய இவற்றை நாடுகின்றனர். புதிய வடிவங்களை உருவாக்குவோருக்கும் இதுவே முதல் நூலகம். 2016-இல் பாரிஸ் அலங்காரக் கலைகள் அருங்காட்சியகம் இந்நிறுவனத்தின் துணிகளை வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. அரிய கைத்திறனைக் காக்கும் நிறுவனங்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் 'வாழும் மரபு நிறுவனம்' என்ற தகுதியும் இதற்கு உண்டு.

மதிப்பீடு

வயதில் பியேர் ஃப்ரே பழைய நிறுவனமல்ல. லியோன் நகரப் பட்டு நிறுவனங்களில் சில அதைவிட மிகவும் மூத்தவை. பழைய பெயர்களை வாங்கிய பலர் பெயரை வைத்துக்கொண்டு ஏடுகளைக் கைவிட்டதுண்டு. ஃப்ரே குடும்பம் ஏடுகளைக் காத்ததோடு அவற்றிலிருந்து இன்றும் துணி நெய்து விற்கிறது. பிரெஞ்சுத் துணி வரலாற்றில் அதற்குரிய இடம் இதனால் கிடைத்ததே.