தண்ணி இறங்கினா பரிசலுக்குத் திண்டாட்டம்... வண்டலுக்குக் கொண்டாட்டம்!

சேலம் மாவட்டம் மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டா பாசனத்துக்கு மட்டுமல்ல, பரிசலில் போய் கட்லா, ரோகு பிடிக்கும் மீனவர்களுக்கும் இந்த அணைதான் சோறு போடுது.

நீர்மட்டம் சரிந்தால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். மீனவர்களுக்கோ வயிற்றைக் கலக்கும். தண்ணி தள்ளிப் போய்விடுவதால் பரிசலையும் வலையையும் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டியதுதான்.

ஆனால், வண்டல் அள்ள அதுதான் நேரம். வறட்சியில் அணை வற்றிக் கிடந்த 2017 மே மாதம், 83 ஆண்டுகளில் முதல்முறையாகத் தூர்வாரும் பணி தொடங்கியது. விவசாயிகள் வண்டலை இலவசமாக வயலுக்கு அள்ளிப் போனார்கள். அணை நிரம்பிட்டா பொக்லைன் இறங்க முடியாது. வத்தின நேரத்தில் எவ்வளவு அள்ளுறாங்களோ, அவ்வளவு தண்ணி பிறகு கூடுதலாக நிற்கும்.